சாகும் உரிமை கேட்கமுதல், வலியில்லாமல் கிடக்கும் உரிமையைக் கேட்போம்



நீளமான பதிவு. நேரம் உள்ளபோது ஆறுதலாக வாசியுங்கள்.

2025 ஜூன் 20 ஆம் திகதி பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை, குணமாகாத நோயில் ஆறு மாதத்துக்குள் இறப்பார் என்று கணிக்கப்பட்டவர் வைத்தியரின் உதவியோடு தன் உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற சட்டமூலத்தை 314 க்கு 291 என்ற வாக்குகளால் நிறைவேற்றி மேல்சபைக்கு அனுப்பியது. அன்றிலிருந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பதிவுகளில் ஒரே கேள்வி: "இலங்கை எப்போது இந்த நாகரிகத்துக்கு வரும்?" அதே கேள்வி வன்னிக்கும் வந்துவிட்டது. பாடசாலை ஓய்வறையில் தேத்தண்ணி நேரத்தில் இதுதான் கதை. ஒரு பக்கம், "கருணைக்கொலைக்குச் சட்டம் வேணும், கஷ்டப்படுகிறவனை விடுதலை பண்ண வேணும்" என்கிறார்கள். மறுபக்கம், "ஹராம், பாவம், இதைப் பற்றிக் கதைக்கவே கூடாது" என்கிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் எங்களிடம் பதில் இருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு பக்கத்தாரிலும் பெரும்பாலானோர் சாகக் கிடக்கிற ஒருவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முழு இரவு இருந்து பார்க்காதவர்கள். நாங்கள் இருந்திருக்கிறோம்.

எங்கள் உம்மம்மா 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவிலிருந்து ஒரு சீலைப் பையோடு போனவர். புத்தளத்தில் இருபது வருடம். யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்து, காடு மண்டிக் கிடந்த வளவை வெட்டித் துப்புரவாக்கி, பழைய கிணற்றை இறைத்து, ஆடு வளர்த்த மனுசி. சாவுக்குப் பயந்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. வயிற்றில் வந்த புற்றுநோய் முள்ளந்தண்டு எலும்புக்குப் பரவியபோது, இரவு இரண்டு மணிக்கு சீலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு கிடப்பார், பேரப்பிள்ளைகள் எழும்பிவிடக் கூடாது என்று. மூன்று கிழமை அப்படி. ஒருநாள் சொன்னார்: "என்ட வாப்பா, ஒரு ஊசியப் போட்டு முடிச்சு விடச் சொல்லு."

ஐந்து வேளை தொழுத, ஒரு நோன்பு விடாத மனுசியின் வாயால் வந்த சொல் அது. எங்களுக்கு உடம்பு நடுங்கியது.

நாங்கள் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் தந்தது பனடோலும் இன்னொரு குளிசையும். "இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. ஒரு வைத்தியரைப் பிடித்து ஏசுவதற்காக இதை எழுதவில்லை. வேறு மாவட்டத்தில் தாதியாக இருக்கும் தெரிந்த பிள்ளை ஒருவர் சொல்லித்தான், மோர்பின் பாணி மருந்து என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியவந்தது. கடிதம் எடுத்து, பஸ் பிடித்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்று வாங்கி வந்தோம். மூன்றாம் நாள் உம்மம்மா இஞ்சித் தேத்தண்ணி கேட்டார். ஆட்டுக்குக் குழை போட்டாச்சா என்று கேட்டார். போடவில்லை என்றதும் ஏசினார்.

அதன்பிறகு ஐந்து கிழமை இருந்தார். "ஊசியப் போடு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவர் கேட்டது வலி நிற்க வேண்டும் என்பதை. வலியை நிறுத்த எங்கள் வீட்டில் எவருக்கும் வேறு வழி தெரியாததால் அந்தக் கேள்வி சாவைக் கேட்பதுபோல வந்தது. இந்த ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதலில் சொற்களைப் பிரிப்போம். "கருணைக்கொலை" என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விசயங்களைப் போட்டுக் குழைக்கிறோம். பயனில்லாத சிகிச்சையை நிறுத்தி, நோய் தன் வழியில் போக விடுவது ஒன்று. உயிரை முடிப்பதற்கென்றே மருந்து கொடுப்பது மற்றது. உலகத்து நீதிமன்றங்கள் ஐம்பது வருடமாகச் சண்டை பிடிப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைப் பற்றித்தான்.

1975 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் நினைவிழந்தார். பக்தியுள்ள கத்தோலிக்கப் பெற்றோர் சுவாசக் கருவியை எடுக்கச் சொன்னார்கள், வைத்தியர்கள் மறுத்தார்கள். 1976 இல் அந்த மாநில உயர்நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கருவியை எடுத்தபிறகும் அந்தப் பிள்ளை தானாகவே மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார். கருவியை எடுத்தது கொலை என்றால் அந்த ஒன்பது வருடத்துக்கு என்ன பெயர்?

இங்கிலாந்தில் 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி நினைவிழந்த இளைஞர் அன்டனி பிளான்ட். அவருக்குக் குழாய் வழி கொடுத்த உணவை நிறுத்தலாம் என்று 1993 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், உயிரை முடிக்கும் நோக்கத்தோடு மருந்து ஏற்றுவது சட்டவிரோதம் என்பதையும் சொல்லி வைத்தார்கள்.

இனி எங்களுக்குக் கிட்ட உள்ள வழக்கு. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனைத் தாதி அருணா ஷான்பாக். 1973 நவம்பர் 27 இரவு அதே மருத்துவமனை ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கினான். மூளை சிதைந்து 42 வருடம் கட்டிலில். அவன் ஏழு வருடச் சிறையோடு வெளியே போனான். எழுத்தாளர் பிங்கி விரானி, அருணாவுக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச் 7 இல் தீர்ப்பு வந்தது. கோரிக்கை தள்ளுபடி. ஆனால் உயர்நீதிமன்றத்தின் அனுமதியோடு பயனில்லாத சிகிச்சையை நிறுத்தலாம் என்று முதல்முறையாக இந்தியாவில் வழி திறந்தது.

இந்த வழக்கைப் பேசுகிற எல்லோரும் தீர்ப்பைப் பேசுகிறார்கள். நாங்கள் அந்த மருத்துவமனைத் தாதிமாரைப் பேச விரும்புகிறோம். அருணாவை வேறு இடத்துக்கு மாற்ற மாநகர நிர்வாகம் முயன்றபோது வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். அருணாவைக் கண்ணால் கண்டிராத அடுத்த தலைமுறைத் தாதிமாரும் வந்து குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், படுக்கைப்புண் வராமல் பார்த்தார்கள். அவருக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்று நீதிமன்றம் யோசித்தபோது, எழுத்தாளரை விட்டுவிட்டு அந்த ஊழியர்களைத்தான் காட்டியது. 2015 மே 18 இல் நிமோனியாவில் அருணா இறந்தபோது சொந்தப் பிள்ளைபோல அவர்கள் அழுதார்கள். பராமரித்தவர்கள் சாவைக் கேட்கவில்லை. எங்களுக்கு இந்த வழக்கின் பாடம் அதுதான்.

2018 மார்ச் 9 இல் அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், கௌரவமாக இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும், "எனக்கு இப்படி வந்தால் கருவியில் போட்டு இழுக்காதீர்கள்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னார்கள். நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 இல் அதை இலகுவாக்கினார்கள். இதுவரைக்கும் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. இலங்கைக்கும் இப்படி ஒரு தெளிவான ஏற்பாடு வேண்டும். கடைசி நேரத்தில் குடும்பமும் வைத்தியரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அடுத்த பாதைதான் எங்களுக்குப் பயம். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002 இல் வைத்தியர் உயிரை முடிப்பதைச் சட்டமாக்கின. கனடா 2016 இல் தொடங்கியது, இறப்பு கிட்டத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று. 2021 இல் அந்த நிபந்தனை போய்விட்டது. இறப்பு கிட்டத்தில் இல்லாத, நீண்டகால நோயோ மாற்றுத்திறனோ உள்ளவரும் கேட்கலாம் என்றானது. 2023 இல் மட்டும் அந்நாட்டில் 15,343 பேர் இந்த வழியில் இறந்தார்கள். 2022 இல் வெளிவந்த விசயம் இன்னும் மோசம்: உதவி கேட்டு வந்த முன்னாள் படைவீரர்களிடம் அரச ஊழியர் ஒருவரே இந்த வழியை எடுத்துச் சொல்லியிருக்கிறார். பொறுப்பான அமைச்சரே அதை ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது.

ரொறன்ரோவில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் நாட்டில் வீட்டுக்கு வரும் தாதி இருக்கிறார், உதவிப்பணம் இருக்கிறது. அங்கேயே இப்படி என்றால் இங்கே எப்படி?

"ஆனால் வலி எல்லாவற்றையும் மருந்தால் நிறுத்த முடியாதே" என்று கேட்பீர்கள். உண்மை. எல்லாவற்றையும் முடியாது. ஆனால் 1997 இல் இருந்து இந்தச் சட்டம் நடைமுறையில் உள்ள அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் வருடாந்த அறிக்கைகளைப் பாருங்கள். இந்த வழியில் போனவர்கள் சொன்ன காரணங்களில் முன்னுக்கு நிற்பது வலி இல்லை. தன்பாட்டில் இயங்க முடியாமை, பிடித்த காரியங்களைச் செய்ய முடியாமை, மரியாதை போய்விட்டது என்ற எண்ணம் ஆகியவையே முன்னுக்கு நிற்கின்றன. குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டோம் என்ற நினைப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சுமை. இந்தச் சொல் எங்கள் மொழியில் எப்படிப்பட்ட சொல் என்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அந்தக் குளிரிலேயே அனுப்பிவிடுவது. 2010 இல் தன் வீட்டார் பேசியதைக் கேட்டு ஒரு முதியவர் தப்பியோடியபோதுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. இதைப் பற்றி வந்து தேசிய விருது பெற்ற தமிழ்ப்படத்தின் பெயரே "பாரம்". செய்தவர்கள் எல்லோரும் அரக்கர்களா? இல்லை. கூலிவேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீடு, பகலில் கிழவரோடு இருக்க ஆளில்லை, மருந்துக்குக் காசில்லை. அவர்களும் அதைக் கருணை என்றுதான் சொன்னார்கள். பெரியவரைக் கேட்டிருந்தால் அவரும் "சரி" என்றுதான் சொல்லியிருப்பார், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து. அந்தச் சரியைச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கத்தான் சட்டம் கேட்கிறோமா?

இனி எங்கள் வன்னி. யுத்தத்தில் முள்ளந்தண்டு வடம் அறுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருப்பவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மாங்குளத்தில் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களின் "உயிரிழை" அமைப்பு இருக்கிறது. படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை இல்லாத அரச அலுவலகங்கள், இவற்றோடு சண்டை பிடித்து வாழ்கிற மனிதர்கள். கனடாவின் இன்றைய சட்டம் இங்கே வந்தால் முதலில் தகுதி பெறப்போவது இவர்கள்தான். மெத்தை கேட்கிற ஒருவனுக்கு, மெத்தை தராத அரசு சாவைத் தந்தால் அதற்குப் பெயர் உரிமையா? பிரித்தானியாவிலும் இந்தச் சட்டமூலத்தை உரத்து எதிர்த்தவர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர் இருந்தார்கள். நடிகை லிஸ் கார் 2024 இல் பிபிசிக்கு ஒரு ஆவணப்படமே செய்தார். "செத்தால் நிம்மதி" என்று அடுத்தவர் தங்களைப் பார்த்து நினைப்பதே அவர்களுக்குப் பெரிய ஆபத்து.

எங்கள் நாட்டின் சட்டத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 வரை குற்றம். தப்பிப் பிழைத்தவனை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அந்த வருடம் அது நீக்கப்பட்டது. தூண்டுவதும் உதவுவதும் இன்றும் குற்றம். 1995 அளவில் எங்கள் நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிகக் கூடிய கணக்குகளில் ஒன்று. பிறகு அது பத்து வருடத்தில் கிட்டத்தட்ட அரைவாசியாகியது. முக்கிய காரணம், கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. வயலும் மருந்துப் போத்தலும் பக்கத்தில் உள்ள வன்னிக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாகத் துணிந்த ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியதும் வாழ்ந்தார்கள். புற்றுநோயாளியின் நிலை வேறு, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் "சாக வேணும்" என்ற சொல் எப்போதும் கடைசிச் சொல் இல்லை என்பதை இந்த நாடு தன் பிள்ளைகளைப் புதைத்துப் படித்திருக்கிறது.

இப்போது மறுபக்கம். எங்கள் ஆட்கள்.

உயிர் அல்லாஹ் தந்த அமானிதம், அதை எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. இதில் எங்களுக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போகிறவர்களிடம் கேட்கிறோம்: வலியில் துடிக்கிறவரிடம் "பொறுமையாயிருங்க, பாவம் கழியுது" என்று சொல்ல உங்களுக்கு யார் அனுமதி தந்தது? பொறுமை நோயாளி தானாக எடுக்க வேண்டியது, மருந்து கொடுக்காதவர் அவருக்கு விதிக்கிற தண்டனை இல்லை. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் இது. "மோர்பின் போதை, ஹராம்" என்று உம்மம்மாவின் கட்டிலடியில் நின்று ஒருவர் சொன்னார். நோவு தாங்காத நோயாளிக்கு வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்தும் தெருவில் விற்கும் தூளும் ஒன்றா?

கருவியை எடுப்பது கொலை என்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். முழு மூளைச்சாவை நிபுணர்கள் உறுதிசெய்தால் கருவியை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1986 இல் அம்மானில் முடிவெடுத்துவிட்டது. கத்தோலிக்க உறவுகளுக்கு, பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 இலேயே, சக்திக்கு மீறிய சிகிச்சை கட்டாயம் இல்லை, வலி நீக்கும் மருந்தை அது ஆயுளைக் குறைக்கக் கூடுமாயினும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். மார்க்க அறிஞர்கள் எப்போதோ தாண்டிய இடத்தில் நாங்கள் இன்னும் நிற்கிறோம்.

ஆகவே இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கிடக்கிற உண்மையான கேள்வி இது: வலி நீக்கும் மருந்து ஏன் எங்கள் ஊருக்கு வருவதில்லை?

மோர்பின் அரிதான மருந்தில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, விலையும் மலிவு. ஆனால் லான்செட் ஆணைக்குழு 2017 இல் கணக்கிட்டுச் சொன்னது: உலகம் முழுக்க வருடத்துக்கு விநியோகமாகும் ஏறத்தாழ 299 தொன் மோர்பின் வகை மருந்தில், மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன். அந்த அநீதியைப் பற்றி எந்தப் பாராளுமன்றம் வாக்கெடுத்தது?

முடியாத காரியம் என்று யாரும் சொல்லவேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். 1993 இல் கோழிக்கோட்டில் டொக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் சிறிதாகத் தொடங்கியது. பிறகு முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறத்தில் ஊர்மக்கள் தாங்களே சிறுதொகை சேர்த்து, பயிற்சி எடுத்த தொண்டர்களும் தாதியும் வீடுவீடாகப் போகும் முறையாக வளர்ந்தது. 2008 இல் மாநில அரசு அதைத் தன் கொள்கையாக்கியது. அவர்களும் எங்களைப்போல வயலும் கடலும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் உள்ள சனம்தான்.

எங்களிடம் என்ன இருக்கிறது? நீராவிப்பிட்டியிலிருந்து சாளம்பைக்குளம் வரை, முஸ்லிம் ஊர் என்றால் ஜனாஸாவுக்கு ஏற்பாடு இருக்கும். தமிழ் ஊர் என்றால் மரண சகாய சங்கம் இருக்கும். மாதச் சந்தா, கூடாரம், கதிரை, எல்லாம் ஒழுங்கு. ஒருவர் மௌத்தானால் அரை மணித்தியாலத்தில் ஐம்பது பேர் வளவில் நிற்பார்கள். அதே மனிதர் மூன்று மாதம் கட்டிலில் கிடந்தபோது எத்தனை பேர் வந்தோம்? மையித்தைத் தூக்க எங்களுக்குத் தோள் இருக்கிறது. உயிரோடு கிடப்பவரைப் புரட்டிப் போட ஒரு கை இல்லை.

நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, அரசிடம். 2019 முதல் 2023 வரைக்கு நோவு தணிப்புப் பராமரிப்புக்கென்று தேசிய திட்டமொன்று சுகாதார அமைச்சு வெளியிட்டது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் அதில் எது நடந்தது என்று பொதுமக்களுக்குச் சொல்லுங்கள். மாவட்டத்துக்குள்ளேயே மோர்பின் பாணி மருந்து கிடைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் ஒரு தாதி வேண்டும்.

இரண்டு, சட்டம் ஆக்குபவர்களிடம். சிகிச்சையை நிறுத்துவது பற்றியும், நோயாளி முன்கூட்டி எழுதி வைப்பது பற்றியும் தெளிவான சட்டம் கொண்டுவாருங்கள். கொல்லும் ஊசியைப் பற்றி, முதல் கோரிக்கையை நிறைவேற்றிவிட்டு வந்து எங்களோடு பேசுங்கள். அப்போதும் நாங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வோம். ஆனால் அப்போதுதான் அது நேர்மையான விவாதமாக இருக்கும்.

மூன்று, எங்களிடமே. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில், தேவாலயச் சபைகளும் மரணச் சங்கத்தின் சந்தாவில் ஒரு பங்கை உயிரோடு இருப்பவருக்கு ஒதுக்கட்டும். ஒரு நீர்மெத்தை, ஒரு சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு ஓட்டோக் காசு, வாரத்தில் இரண்டு இரவு வீட்டாருக்குப் பதிலாக முழித்திருக்க இரண்டு பேர். இதற்குப் பாராளுமன்றம் தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டால் காணும்.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது ஏற்கெனவே நடக்கிறது என்றால் கொமென்ட்டில் எழுதுங்கள், நாங்கள் வந்து பார்த்துப் படிக்கிறோம். யாருடைய வீட்டிலாவது இன்றிரவு ஒருவர் சீலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு கிடக்கிறார் என்றால், விடிந்ததும் வைத்தியரிடம் போய் மோர்பின் பற்றிப் பெயர் சொல்லியே கேளுங்கள். தயங்கவேண்டாம். நாங்கள் மூன்று கிழமை பிந்திவிட்டோம்.